எங்க ஊர் ரோட்டுக்கு பஞ்சாயத்தே தனி வரி போட்டுக்க முடியாதா?

கேள்வி, 9 ஜூன் 2024

எங்க ஊர்லேர்ந்து மெயின் ரோட்டுக்கு 2 கிலோமீட்டர். தார் பூரா பேந்து ஜல்லி வெளிய வந்துருச்சு. ஊர்ல 340 வீடு. வீட்டுக்கு 1000 ரூபான்னு ரோட்டு வரி போட்டு பஞ்சாயத்தே வேலைய முடிச்சிரலாம்னு நான் சொல்றேன். தலைவர் சட்டத்துல அதுக்கு எடமே இல்லைங்கறார். யார் சொல்றது சரி?

பதில், 9 ஜூன் 2024, ராத்திரி

தலைவர் சொல்றதுதான் சரி. நாளைக்கு விரிவா எழுதறேன்.

10 ஜூன் 2024

நான் 2020 ஜனவரிலேர்ந்து எங்க ஊராட்சில வார்டு மெம்பர். வக்கீல் இல்ல. ஆனா ஒரே ஒரு ரோட்டுக்காக நாலு வருஷமா அலைஞ்சதுல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல ரோடு சம்பந்தமா என்னென்ன பிரிவு இருக்கோ அது எல்லாம் படிச்சிட்டேன், அதனால சொல்றேன்.

பிரிவு 110 கிராம ஊராட்சியோட கடமை. கிராமத்து ரோடு, பாலம், சின்னப் பாலம் எல்லாத்தையும் போடறதும் பராமரிக்கறதும் அதுல வருது. பிரிவு 112ல ஊராட்சி ஒன்றிய ரோடெல்லாம் ஒன்றியக் குழுவோட கடமை. பிரிவு 125 இன்னும் முக்கியம், கிராமத்துல உள்ள பொது ரோடு, அது தேசிய நெடுஞ்சாலையோ மாநில நெடுஞ்சாலையோ மாவட்ட ரோடோ ஒன்றிய ரோடோ இல்லைன்னா, கிராம ஊராட்சிக்கு உரியது. அதாவது கடமையும் நம்மளது, ரோடும் நம்மளது.

வரின்னு வந்தா கதை வேற. அரசியல் சட்டம் 243எச் என்ன சொல்லுதுன்னா, மாநில சட்டசபை சட்டம் போட்டு எந்த வரிய அனுமதிக்குதோ அத மட்டும்தான் பஞ்சாயத்து போடலாம். நம்ம சட்டத்துல வீட்டு வரி இருக்கு, தொழில் வரி இருக்கு, அது மாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கு. ரோட்டு வரின்னு ஒண்ணு கெடையாது. இல்லாத வரிக்கு தீர்மானம் போட்டா பிரிவு 202ல கலெக்டர் அத நிறுத்தி வைக்கலாம், ரத்தும் பண்ணலாம். கூட்டத்துல கைதட்டி நிறைவேத்தினாலும் அதான் நெலம.

இன்னொண்ணு, கணக்கு போட்டுப் பாருங்க. 2023 ஜனவரில முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் அறிவிச்சப்ப 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடின்னாங்க. வகுத்தா கிலோமீட்டருக்கு 40 லட்சம். ஒங்க 340 வீடும் ஆளுக்கு 1000 குடுத்தா 3 லட்சத்து 40 ஆயிரம். அது 85 மீட்டர் ரோட்டுக்குத்தான் வரும்.

10 ஜூன் 2024, மத்தியானம்

முக்கியமானத விட்டுட்டேன். வரிப் பேச்சு அப்புறம் இருக்கட்டும், மொதல்ல அந்த 2 கிலோமீட்டரும் யார் ரோடுன்னு பாருங்க. ஊராட்சி ஆபீஸ்ல ரோடு ரிஜிஸ்டர் ஒண்ணு இருக்கும், ஒன்றிய ஆபீஸ்ல ஒண்ணு இருக்கும். ரெண்டையும் பாக்கணும். காட்ட மாட்டேன்னா 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லாத ரோட்டுக்கு எவ்ளோ பெரிய திட்டம் வந்தாலும் காசு எறங்காது.

13 ஜூன் 2024

"ரிஜிஸ்டர்ல இல்லாம எப்பிடி ஒரு ரோடு இருக்கும்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். எங்க ஊரையே சொல்றேன்.

எங்க தெருவுலேர்ந்து பஸ் நிக்கிற எடம் 1.4 கிலோமீட்டர். நான் பொறந்ததுலேர்ந்து அது ரோடுதான். மாட்டுவண்டி போச்சு, இப்ப ஸ்கூல் வேன் போகுது. 2021ல எஸ்டிமேட் போட ஓவர்சியர் டேப்போட வந்தாரு, நானும் இன்னொரு முனையப் புடிச்சிட்டு கூடவே நடந்தேன். பஸ் ஸ்டாப்லேர்ந்து 600 மீட்டர் ஒன்றிய ரிஜிஸ்டர்ல இருக்கு. ஊர்ப் பக்கம் 500 மீட்டர் எங்க ஊராட்சி ரிஜிஸ்டர்ல இருக்கு. நடுவுல 300 மீட்டர் எதுலயும் இல்ல. புல வரைபடத்த எடுத்துப் பாத்தா அங்க பாதையே வரையல, ஒரு குடும்பத்தோட பட்டா நெலம். நாப்பது அம்பது வருஷமா எல்லாரும் அந்த வரப்பு மேல நடந்து நடந்து, அதுல மண்ணைப் போட்டு, அதுவே ரோடா ஆயிருச்சு. ஓவர்சியர் டேப்ப சுருட்டிட்டு "இத சரி பண்ணிட்டு கூப்புடுங்க"ன்னு கெளம்பிட்டார். அவர் மேல தப்பு இல்ல. அன்னிக்கு எனக்கு அழுக வந்துருச்சு, மழை நேரத்துல ஒரு பிரசவக் கேஸ அந்த 300 மீட்டர்ல கட்டில்ல தூக்கிட்டுப் போனவங்கள்ல நானும் ஒருத்தன்.

14 ஜூன் 2024

"இத்தன வருஷம் நடந்தா அது பொது வழிதான, எதுக்கு பயம்"னு கேட்டவருக்கு. நீங்க சொல்றது பாதி சரி. சட்டத்துல பொது ரோடுங்கற சொல்லுக்கு விளக்கம் ரொம்ப அகலமா இருக்கு, ஜனங்களுக்கு நடக்க உரிமை இருக்கற சந்து, வண்டிப்பாதை, ஒத்தையடிப் பாதை வரைக்கும் அதுல வரும். ஆனா அந்த உரிமை இருக்குன்னு யார் நிரூபிக்கறது? பட்டாதாரர் கோர்ட்டுக்குப் போனா நாமதான் நிரூபிக்கணும். சட்டப்படி இல்லாம ஒருத்தர் சொத்த எடுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 300ஏ இருக்கு. அதுவுமில்லாம, நெலம் யாரோடதுங்கற பிரச்சினை இருக்கறப்ப எந்த ஆபீசரும் கையெழுத்துப் போட மாட்டார், நானா இருந்தாலும் போட மாட்டேன்.

16 ஜூன் 2024. திருத்தம்

பத்தாம் தேதி நான் எழுதினதுல ஒரு தப்பு. ரிட்டயர்டான ஒரு கிராம நிர்வாக அலுவலர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. நிலத்து மேல வரியே இல்லைங்கற மாதிரி எழுதிட்டேன். தலவரி (ஆள் தலைக்கு இல்ல, நிலவரியோட சேத்து உள்ளாட்சிக்குன்னு வாங்கறது) இருக்கு. பிரிவு 167. நிலவரி ஒரு ரூபாய்க்கு தலவரி ஒரு ரூபாய். அதுக்கு மேல பிரிவு 168ல தலமேல்வரின்னு ஒண்ணு, அது ஒன்றியக் குழு விதிக்கறது. ஆக நிலத்து மேல வரி போடற அதிகாரம் ஒன்றியத்துக்கு சட்டத்துலயே இருக்கு.

வீட்டுக்குப் போயி அப்பாவோட தகரப் பெட்டியத் தெறந்து பழைய தீர்வை ரசீதெல்லாம் பாத்தேன். எல்லாத்துலயும் தலவரின்னு தனியா எழுதியிருக்கு, இத்தன வருஷமா நான் அத கவனிச்சதே இல்ல. ஆனா தொகையப் பாத்தா ரோடு போடற தொகை இல்ல. நிலவரியே அவ்ளோ கம்மி, அதுக்கு ரூபாய்க்கு ரூபாய்னா எவ்ளோ வந்துரும்? வரி போடற அதிகாரம் இருந்தும் எந்தத் தொகை மேல போடறதோ அது கரைஞ்சு போச்சு.

22 ஜூன் 2024

தலவரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடப்போயி ரெண்டு நாள் தூக்கம் போச்சு. இத எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் விலகிப் போறதுக்கு மன்னிச்சுக்குங்க.

மெட்ராஸ் ராஜதானில 1866லயே ரோட்டுக்குன்னே தனியா ஒரு செஸ் (ஒரு வேலைக்குன்னே வாங்கற வரி) சட்டம் வந்திருக்கு. நிலத்தோட வாடகை மதிப்புல ரூபாய்க்கு அரையணா வரைக்கும். இங்க கேள்வி கேட்டவர் கேக்கற ரோட்டு வரி நெசமாவே இருந்திருக்கு! அப்புறம் 1871ல உள்ளூர் நிதிச் சட்டம், 1884ல லோக்கல் போர்டு சட்டம். அதுல மூணு அடுக்கு, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன்.

அந்த ஜில்லா போர்டு என்ன பண்ணுச்சு தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரூபாய்க்கு 3 தம்படி செஸ் போட்டு சேத்த காசுல ரயில் பாதையே போட்டுச்சு. மாயவரத்துலேர்ந்து முத்துப்பேட்டை வரைக்கும், 1894ல. (தம்படின்னா அந்தக் காலத்துச் சில்லறை, அணாவுக்கு 12.) ஒரு ஜில்லாவோட விவசாயிங்க தீர்வையோட சேத்து கட்டின சில்லறைல ஒரு ரயில்! திருவாரூர் வழியா அந்தப் பக்கம் நான் போயிருக்கேன், அப்ப இது தெரியாது.

வண்டிங்களுக்கு சுங்கம் வாங்கற அதிகாரமும் போர்டுகளுக்கு இருந்துச்சு, ஊர் எல்லைல சுங்கச்சாவடி வச்சு. 1931ல மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்தப்ப அந்தச் சுங்கத்த எடுத்துட்டு, அதுக்கு ஈடா மேலேர்ந்து பணம் தர்றோம்னாங்க. எனக்கு இந்த எடம்தான் மனசுல நிக்குது. தானே வசூலிக்கற கை அன்னிலேர்ந்து வாங்கற கையா மாறிப்போச்சு. 1958 சட்டங்களோட ஜில்லா போர்டே போச்சு. இன்னிக்கு இருக்கற மாவட்ட ஊராட்சிக்கு சொந்தமா ரோடும் கெடையாது, வரியும் கெடையாது.

23 ஜூன் 2024

ஒருத்தர் "போர்டு காலத்துல மிராசுதாருங்க ராஜ்யம்தான், அத ஏன் பெருமையா பேசறீங்க"ன்னு கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. ஓட்டு எல்லாருக்கும் கெடையாது, ரோடு யார் வீட்டு வாசலுக்குப் போச்சுன்னு சொல்லணும்னே இல்ல. நான் பெருமையா சொன்னது அதிகாரத்த, ஆளுங்கள இல்ல.

ஆனா அதே அதிகாரம் நல்ல கைல இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் சாட்சி இருக்கு. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவங்கள ஏத்த மாட்டேங்கற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட்டவர். எங்க தெரு ஆளுங்க அந்த பஸ்ல ஏறினவங்களோட பேரப்புள்ளைங்க. ரோடுன்னா ஜல்லியும் தாரும் மட்டும் இல்லைன்னு அன்னிக்கே ஒரு போர்டு காட்டிருச்சு.

24 ஜூன் 2024

சரி, இன்னிக்கு வருவோம்.

2 ஜூலை 2024

காசு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டவங்களுக்கு, நான் பாத்த வரைக்கும்.

மத்திய அரசோட 15வது நிதிக்குழு மானியத்துல (2021-26) நம்ம மாநிலத்துல 80 பங்கு கிராம ஊராட்சிக்கு, 15 ஒன்றியத்துக்கு, 5 மாவட்டத்துக்கு. கேக்க நல்லா இருக்கும், ஆனா வர்ற தொகைல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்டது, ரோட்டப் பத்தி யோசிக்கணும்னா மிச்சம் 40தான். அதுலயும் தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர்னு போயிரும். நூறுநாள் வேலைல மண் ரோடு, ஜல்லி ரோடு போடலாம், ஆனா கூலிக்கு 60 பொருளுக்கு 40ங்கற விகிதம் தாண்டக் கூடாது, காண்ட்ராக்டர் வரக் கூடாது, அதனால தார் ரோடு அதுல ஆகாது.

பெரிய ரோடுன்னா பிரதமர் கிராம சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25ல ஆரம்பிச்சது, டீசல் செஸ் பணத்துல. சமவெளில 500 பேருக்கு மேல இருக்கற குடியிருப்புக்கு ரோடு. மொதல்ல முழுக்க மத்திய பணம், 2015-16லேர்ந்து மத்திய அரசு 60, மாநிலம் 40. போட்டு முடிச்சதும் 5 வருஷம் காண்ட்ராக்டர்தான் பராமரிக்கணும், இத யாரும் கேக்கறதில்ல, ரோட்டோரத்துல நட்டிருக்கற போர்டுல தேதி எழுதியிருக்கும், போய்ப் பாருங்க. ஆனா நெலம் வாங்க அந்தத் திட்டத்துல காசு கெடையாது. எங்க 300 மீட்டர் அங்கயும் அடிபட்டுச்சு.

5 ஜூலை 2024

இது எல்லாத்தையும் எழுதிட்டு யோசிச்சேன். டீசல் செஸ் யார் கட்டறது? டிராக்டர் வச்சிருக்கற எங்க மாமா கட்டறாரு. மீன்பாடி வண்டிக்காரர் கட்டறாரு. கட்டறது நாமதான், 1866லயும் சரி, இப்பவும் சரி. அப்ப கட்டின காசு பக்கத்து ஜில்லாத் தலைநகர் வரைக்கும் போய்த் திரும்புச்சு, இப்ப டெல்லி வரைக்கும் போய்த் திரும்புது.

14 ஜூலை 2024

குவாரி லாரி பத்தி கேட்டிருக்கீங்க. 20 டன் ஏத்திட்டு ஊராட்சி ரோட்ல போனா அது தாங்காது, மூணே மாசம். பிரிவு 131ல ரோட்ட மறிச்சு கட்டறத, ஆக்கிரமிக்கறத ஊராட்சி தடுக்கலாம், அகற்றலாம். ஆனா ஓடற லாரிய நிறுத்தற அதிகாரம் ஊராட்சிக்கு இல்ல. அது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 115, மாநில அரசோ அது அதிகாரம் குடுத்தவங்களோதான் இந்த ரோட்ல இத்தன எடைக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்ல முடியும். எங்க ஊர்ல பொம்பளைங்க ரோட்ல உக்காந்து மறிச்சாங்க, ரெண்டு நாள் லாரி நின்னுச்சு, மூணாம் நாள் வந்துருச்சு. அப்புறம் தீர்மானம் போட்டு, ரோட்டோட அகலம், பாலத்தோட வயசு எல்லாம் எழுதி, உடைஞ்ச எடத்த ஃபோட்டோ எடுத்து கலெக்டர்கிட்ட மனு குடுத்தோம். பெரிய லாரி போகக் கூடாதுன்னு போர்டு வர ஏழு மாசம் ஆச்சு. மறியல் பண்ணினவங்கள நான் குறை சொல்லல, அவங்க உக்காரலைன்னா அந்த மனுவ யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.

21 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார், அவரோட அத்தை பையன் அமெரிக்காவுல இருக்கானாம், அங்க நெலக்காரங்களே சேந்து ஒரு ரோட்டு மாவட்டம்னு அமைச்சு, ரோட்டால யாருக்குப் பலனோ அவங்க நெலத்து மேல மட்டும் கட்டணம் போட்டு ரோடு போட்டுக்கறாங்களாம், இங்க அது மாதிரி உண்டான்னு.

வரியா இல்ல. ஆனா நமக்கு நாமே திட்டம் இருக்கு. 1997-98ல வந்தது, நடுவுல தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறி, 2021லேர்ந்து பழைய பேர்ல ஓடுது. மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசு போடும். பாதிக்கு மேல மக்களே போட்டா வேலைய அவங்களே எடுத்துச் செய்யலாம். ஒங்க 2 கிலோமீட்டர் 80 லட்சம்னு வச்சா மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட 26 லட்சத்து 70 ஆயிரம், 340 வீட்டுக்கு வகுத்தா வீட்டுக்கு 7,800க்கு மேல வருது. கூலி வேலைக்குப் போற வீட்ல அத கேக்க எனக்கு வாய் வராது.

22 ஜூலை 2024

நேத்து எழுதினத திரும்பப் படிச்சேன். மூணுல ஒரு பங்கு ஜனங்களே குடுக்கணும்னு இல்ல, வெளியூர்ல செட்டில் ஆனவங்க, கம்பெனிங்க யாரும் குடுக்கலாம். எங்க பக்கத்து ஊர்ல சிங்கப்பூர் போனவங்க சேந்து குடுத்து ஒரு சிமெண்ட் தெரு வந்துச்சு. அப்ப சிங்கப்பூர் போகாத தெருவுக்கு? கடமை பிரிவு 110ல ஊராட்சிக்குன்னு எழுதியிருக்கே, அத காசு வச்சிருக்கறவங்க தெருவுக்கு மட்டும்னு எழுதலையே. இதுல என் மனசு இன்னும் ஒரு பக்கமா நிக்கல.

16 ஆகஸ்ட் 2024

நேத்து கிராம சபை. எங்க ஊராட்சி 3000 பேருக்குள்ள, அதனால 100 பேர் வரணும். (500 வரைக்கும்னா 50, 3001லேர்ந்து 10,000 வரைக்கும்னா 200, அதுக்கு மேல 300.) பதினோரு மணிக்கு 70 பேர்தான். எங்க தெரு அக்காமாருங்க போய் நூறுநாள் வேலைல இருந்தவங்கள அப்பிடியே மம்பட்டியோட கூட்டிட்டு வந்துட்டாங்க. 130 ஆயிருச்சு. 300 மீட்டர முறையா வாங்கி ரோடு ரிஜிஸ்டர்ல ஏத்தணும்னு தீர்மானம், வாசிச்சுக் காட்டினப்பறம்தான் கையெழுத்து. வெறும் நோட்ல கையெழுத்துப் போடாதீங்க, யாரா இருந்தாலும்.

8 செப்டம்பர் 2024

நெலத்துக்காரங்கள பாத்தோம். எங்களுக்கு அப்பத்தா முறை, 80 வயசு இருக்கும். மகனுங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல. 4 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 30 சென்ட். விலைக்கு வாங்க ஊராட்சில காசு இல்ல, தானப் பத்திரம்தான் கேக்கணும். அத கேக்கவே நாக்கு கூசுச்சு.

அப்பத்தா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "கெணறு இந்தப் பக்கம், வய அந்தப் பக்கம். ரோட்டுக்குத்தானய்யா தர்றேன், கீழ போற பைப்பும் ஒங்களதா ஆயிருமா?"ன்னு கேட்டுச்சு.

நாலு வருஷம் சட்டம் படிச்ச எனக்கு பதில் தெரியல.

15 செப்டம்பர் 2024

பதில் கெடைச்சிருச்சு. தெரிஞ்ச வக்கீல் தம்பி எடுத்துக் குடுத்தான். மதுரை முனிசிபாலிட்டிக்கு எதிரா சுந்தரம் ஐயர்னு ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ் ஹைகோர்ட்ல நடத்தின கேஸ். தெரு உள்ளாட்சிக்கு உரியதுன்னா மண்ணே முழுசா சொந்தம்னு அர்த்தம் இல்ல, தெருவா பயன்படுத்தறதுக்கு எவ்ளோ மேல்பரப்பும், அதுக்குக் கீழயும் மேலயும் எவ்ளோ தேவையோ அது மட்டும்தான் அவங்க கைல வரும்னு தீர்ப்பு. அப்பத்தா கேட்டது அச்சு அசலா அந்தக் கேள்விதான்.

ஆனா தானப் பத்திரம்னு எழுதிக் குடுத்துட்டா மண்ணும் சேந்து போயிரும். அதனால ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு எடத்துல பைப் கொண்டு போற உரிமை அப்பத்தாவுக்கும் வாரிசுகளுக்கும் என்னிக்கும் உண்டுன்னு பத்திரத்துலயே எழுதறோம். இத எல்லா ஊர்லயும் பண்ணுங்கப்பா, தானம் குடுக்கறவங்க வாயத் தெறந்து கேக்க மாட்டாங்க, நாமதான் எழுதணும்.

18 நவம்பர் 2024

மகனுங்க ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டாங்க. பத்திரம் பதிவு ஆயிருச்சு. அப்பத்தாவ கார்ல கூட்டிட்டுப் போய்ட்டு கார்லயே கொண்டாந்து விட்டோம்.

6 ஜனவரி 2025

நேத்தோட எங்க பதவிக்காலம் முடிஞ்சது. 2019 டிசம்பர்ல எலெக்ஷன் நடந்த மாவட்டம் எல்லாத்துக்கும் இதான். 2021 அக்டோபர்ல நடந்த 9 மாவட்டத்துல இருந்தா ஒங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, பயன்படுத்திக்குங்க. எங்களுக்கு இனிமே தனி அலுவலர்தான், அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). 2016லேர்ந்து 2019 வரைக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு, அப்ப தேர்ந்தெடுத்த குழு இல்லைன்னு மத்திய மானியமும் நின்னுச்சு. மறுபடியும் அது மாதிரி ஆகக் கூடாதுன்னு பயமா இருக்கு.

டிசம்பர் கடைசிக் கூட்டத்துல நாங்க போட்ட கடைசித் தீர்மானம் அந்த ரிஜிஸ்டர் பதிவுதான். செயலர் முன்னாடி உக்காந்து 500 மீட்டர்ங்கறத சிவப்பு மையில கோடு போட்டு 800னு எழுதி, பத்திர நம்பரும் தீர்மான நம்பரும் பக்கத்துல போட்டுட்டுத்தான் எந்திரிச்சோம்.

11 பிப்ரவரி 2025

ஓவர்சியர் வேற ஆள். வர்ற வியாழன் டேப்போட வர்றேன்னிருக்கார். நான் இப்ப மெம்பர் இல்ல, அதனால என்ன, டேப்போட இன்னொரு முனையப் புடிக்க ஒரு ஆள் வேணும்ல. அப்பத்தா இப்பவே ரெண்டு எடத்துலயும் பைப் போற வழிக்கு செங்கல் நட்டு வச்சிருக்கு.